பத்தாவது ஆள்

மலாக்கி டியர்னி சாகும்வரை, வெக்ஸ்டன் ஊரில் அவனை யாருக்காவது காட்ட நேர்ந்தால் "கொடி வாங்கின டீம்ல இருந்தவர்" என்றுதான் காட்டினார்கள். அது பொய் இல்லை. பேஸ்பால் பருவத்தில் முதலிடம் பிடிக்கிற அணிக்குத்தான் கொடி. பழுப்புக் காலுறையும் ஊர்ப் பெயர் தைத்த சட்டையும் அவனுக்கும் கொடுக்கப்பட்டிருந்தன. ரயிலில் எல்லோருடனும் போனான், எல்லோருடனும் திரும்பி வந்தான். ஆனால் அந்தப் பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்தில்கூட அவன் இறங்கவில்லை. காட்டியவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். மீதிப் பேருக்கு அவன் சொல்லவில்லை.

அவன் பத்தாவது ஆள். ஒன்பது பேர் ஆட்டம் அது. தொடங்கிய ஒன்பது பேரும் கடைசிவரை ஆடியாக வேண்டும். களைத்துவிட்டான், சரியாக ஆடவில்லை என்றெல்லாம் ஒருவனை மாற்ற முடியாது. அடிபட்டால் மட்டும் மாற்றலாம். அதுவும் அன்றைக்கு, அந்த ஆட்டத்தில் பட்ட அடி என்று எதிரணிக் கேப்டன் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை பத்தாவது ஆளைச் சும்மா உட்கார வைக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது. ஆகவே மலாக்கி மேலே கோட்டும் உள்ளே ஆட்டச் சட்டையுமாக வாசலில் நின்று டிக்கெட் கிழித்தான்.

"ஏ டிக்கெட்டு, எப்படா ஆடப்போற?" என்று கேட்டுக்கொண்டே நுழைவார்கள்.

"யாராச்சும் செத்தா சொல்லி அனுப்புறேன்" என்பான் அவன். முதல் மாதம் இதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

அவனை அணிக்குள் கொண்டுவந்தவன் ஓவன் கேரிட்டி. அக்கா டீலியாவின் புருஷன். இரண்டு பேரும் ஒரே பூட்ஸ் ஃபாக்டரியில் தோல் வெட்டுகிற மேசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோல் ஊறவைக்கிற தொட்டிகளுக்குப் பின்னால் போய் ஒருவருக்கொருவர் பந்து வீசிக்கொள்வார்கள். ஒருவன் வீசினால் மற்றவன் பிடிப்பான், பிறகு மாற்றிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் பிடிப்பதுதான் பிடித்திருந்தது. மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று பிடிக்க அணிக்கு ஒருவன்தான் வேண்டும். ஓவன் தேர்ந்தான். அடுத்த வருஷம் கேப்டன் ஹோபர்ட்டிடம் போய், "என் மச்சானையும் சேத்துக்கங்க, எனக்கு ஏதாச்சும் ஆனா அவன் இருக்கான்" என்று கேட்டு வாங்கிக்கொடுத்தான். அதற்காக மலாக்கி அவனுக்கு எப்போதும் கடமைப்பட்டிருந்தான். அந்த வாக்கியத்தின் பின்பாதி அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

தோளுக்கு மேலிருந்தும் வீசலாம் என்று சங்கம் விதியை மாற்றிய வருஷம் அது. வெக்ஸ்டனுக்கு வீசியவன் ஏசா ப்ரூயிட். மலைப்பக்கத்து விவசாயி, பேச்சு குறைவு, வாயில் எப்போதும் புகையிலை. கீழிருந்து வீசிய காலத்தில் அவன் பத்தோடு பதினொன்று. கையை மேலே தூக்க அனுமதி கிடைத்ததும் நாட்டில் அவனைப்போல் வீச ஆள் இல்லை என்றானது. அவன் வீசிய பந்து மட்டைக்காரனுக்குத் தெரியுமுன் ஓவனின் கையில் இருக்கும். வெறும் கை. பளீர் என்று சாட்டை சொடுக்கிய மாதிரி ஒரு சத்தம் மைதானத்துக்கு வெளியே, பாலத்தில் போகிற வண்டிக்காரர்களுக்கும் கேட்கும்.

அந்தச் சத்தத்துக்காகவே ஜனம் வந்தது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ப்ரூயிட்டும் தன் வீச்சு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொண்டான்.

ஓவனுக்கு ஓய்வு கொடுத்து மலாக்கியைத் தொடக்கத்திலிருந்தே ஆடவிடலாமே என்று யாரோ ஹோபர்ட்டிடம் கேட்டார்களாம். ஹோபர்ட் பெரிய மீசைக்காரர், முதல் மூலையில் நிற்பவர், அணியின் வரவுசெலவும் அவரிடம்தான். "வீசுறவனும் பிடிக்கிறவனும் புருஷன் பொண்டாட்டி மாதிரிப்பா" என்றார். "வாரத்துக்கு ஒருத்திய மாத்திக் கட்ட முடியுமா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வாசலிலிருந்து ஆட்டம் தெரியாது. பலகை வேலி மறைக்கும். மலாக்கி ஆட்டத்தைக் காதால் பார்த்தான். பளீர் என்று கேட்டால் ஓவன் பிடித்துவிட்டான். மட்டைச் சத்தம் கேட்டு ஜனம் எழுந்தால் யாரோ ஓடுகிறான். சில சமயம் மட்டையின் விளிம்பில் பட்டுப் பந்து திசை மாறி ஓவன்மேல் பாயும். அப்போது ஜனம் மொத்தமாக "ஓ" என்னும். அந்த "ஓ" கேட்டதும் மலாக்கியின் குதிகால் தரையைவிட்டு எழும்பிவிடும். கை தானாகக் கோட்டுப் பொத்தானுக்குப் போகும். பிறகுதான் அக்கா நினைவுக்கு வருவாள். பிறகுதான் ஓவன் நினைவுக்கு வருவான். இந்த வரிசை அவனுக்குத் தெரிந்திருந்தது. அதை அவனால் மாற்ற முடியவில்லை.

மூவரும் இருந்தது ஆற்றோரத்து வாடகை வீட்டின் மாடியில். ஆட்டம் முடிந்து வந்ததும் டீலியா ஒரு வட்டிலில் உப்புப் போட்ட வெந்நீர் வைப்பாள். ஓவன் இரண்டு கையையும் அதில் போட்டுக்கொண்டு உட்காருவான். ஜூன் மாதத்துக்குள் அவை கைகளாகத் தெரியவில்லை. வலது கையில் மோதிர விரல் ஒரு பக்கமும் நடுவிரல் இன்னொரு பக்கமும் திரும்பியிருந்தன. உள்ளங்கை ஊதாவாகி, பிறகு மஞ்சளாகி, மஞ்சள் போகுமுன் மறுபடி ஊதாவானது. மலாக்கி பூட்ஸ் அடித்தோலில் மெல்லிய சிம்புகள் வெட்டி, விரலுக்கு இரண்டு பக்கமும் வைத்துக் கட்டுவான். காலையில் ஓவன் அதை அவிழ்த்து எறிந்துவிட்டு மைதானத்துக்குப் போவான்.

"உருளைக்கிழங்கக்கூட உங்களால உரிக்க முடியல" என்றாள் டீலியா.

"நீ உரிச்சுக் குடு. எதுக்குக் கட்டிக்கிட்டேன்?"

"நாளைக்கு ஃபாக்டரியில கத்தி பிடிக்கணும்ல. அதுக்கும் நான் வரணுமா?"

"கொடி வரட்டும். அப்புறம் ஃபாக்டரிய யார் நினைச்சா?"

மலாக்கி ஒரு கையுறை தைத்தான். மான் தோல், உள்ளே கம்பளித் துணியும் குதிரை முடியும் வைத்த மெத்தை. உள்ளங்கைக்கு நடுவில் பந்து வந்து உட்கார ஒரு குழி. ஃபாக்டரியில் அவன் வெட்டிய எந்தத் தோலையும் அவ்வளவு கவனமாக வெட்டியதில்லை. வேறு அணிகளில் சிலர் விரல் வெட்டிய மெல்லிய கையுறை போட ஆரம்பித்திருந்தார்கள், தோல் நிறத்திலேயே, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாதபடிக்கு. இது தூரத்திலிருந்தும் தெரிந்தது.

ஓவன் அதை ஒரே ஓர் ஆட்டத்துக்குப் போட்டான். முதல் பந்து வந்து விழுந்தது. தலையணையில் குத்திய மாதிரி மொத்தென்று ஒரு சத்தம். பிறகு யாரோ கத்தினான்.

"டேய், கல்யாணப் பொண்ணு வந்திருக்காடா!"

"பொண்ணு கைய மூடிக்கிட்டா, மோதிரம் எங்க போடுறது?"

"கேரிட்டி, ஒரு குடையும் பிடிச்சுக்கோ!"

ப்ரூயிட் மூன்று பந்து வீசினான். நான்காவதை வீசாமல் நடந்து வந்தான். "எனக்குக் கேக்கல" என்றான்.

"என்ன கேக்கல?"

"என் பந்து எனக்குக் கேக்கல. செத்துப் போயி விழுற மாதிரி இருக்கு."

அன்று வெக்ஸ்டன் தோற்றது. சாயங்காலம் ஓவன் சமையலறை மேசையில் உட்கார்ந்து, மலாக்கியின் தோல் கத்தியையே வாங்கிக் கையுறையின் தையலைப் பிரித்தான். விரல்கள் மடங்காததால் ரொம்ப நேரம் ஆயிற்று. மெத்தையை உருவி மேசைமேல் வைத்தான்.

"நல்லாத்தான் தைச்சிருக்க, மச்சான்" என்றான். "தப்பு உன்மேல இல்ல."

மலாக்கி குதிரை முடியைத் திரட்டி எடுத்துக்கொண்டுபோய்த் தன் பெட்டிக்குள் வைத்தான். தோலையும் வைத்தான்.

ஆகஸ்டில் ஒரு பிற்பகல், ஓவன் வெளியே போயிருந்தபோது, டீலியா துணி பிழிந்துகொண்டே சொன்னாள்.

"நீ போயி ஹோபர்ட்கிட்டச் சொல்லு."

"என்னன்னு?"

"கையப் பார்த்தியே, அதச் சொல்லு. எலும்பு ஒடஞ்சிருக்கு, சீழ் வைக்குது, ஒரு மாசம் உக்கார வைங்கன்னு சொல்லு. இவரு சொல்லமாட்டாரு. செத்தாலும் சொல்லமாட்டாரு."

"நான் எப்படிக்கா சொல்றது?"

"வாயாலதான்."

"நான் சொன்னா என்ன நினைப்பாங்க? இவன் எடத்தப் பிடிக்கப் பார்க்கிறான்னுதான நினைப்பாங்க?"

டீலியா பிழிவதை நிறுத்தவில்லை. "பார்க்கலையா?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் கேட்டாள். பார்க்கவில்லை என்று மலாக்கி சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கக்கூடும். அவன் படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டான்.

மறுநாள் ஸ்டேஷனில், வெளியூர் ஆட்டத்துக்கு ரயில் பிடிக்க எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். மலாக்கி சொல்லத்தான் போனான். ஹோபர்ட் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அவன் பக்கத்தில் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"கேப்டன், ஓவனைப் பத்தி ஒரு விஷயம்..."

"என்னடா டிக்கெட்டு, உன் அத்தான் எப்பக் கீழ விழுவான்னு பஞ்சாங்கம் பார்த்துட்டு வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஓவனும் சிரித்தான். அவன் கைகள் கோட்டுப் பைகளுக்குள் இருந்தன. மலாக்கியும் சிரித்தான். ரயில் வந்தது, ஏறினார்கள்.

அதற்குப் பிறகு அவன் முயற்சி செய்யவில்லை. சிம்பு வெட்டினான், கட்டினான். இரண்டு வாரம் கழித்து ஓவனின் மோதிர விரல் நடு எலும்பில் முறிந்ததை அவன்தான் முதலில் கண்டான். அழுத்தினால் உள்ளே உப்புக்கல் நொறுங்குகிற மாதிரி விரலுக்குத் தெரிந்தது. "வலிக்குதா?" என்று கேட்டான். "கேக்காத, கட்டு" என்றான் ஓவன். அந்த விரலோடுதான் செப்டம்பர் முழுவதும் ஆடினான். வெக்ஸ்டன் ஜெயித்துக்கொண்டே வந்தது.

கொடி யாருக்கு என்பது கிரான்ஃபோர்ட் அணியோடு ஆடும் கடைசி ஆட்டத்தில்தான் முடிவாகும் என்று ஆனது. ஆட்டம் வெக்ஸ்டனில். ஃபாக்டரிகள் மதியத்தோடு மூடின. பாதிரியார் வந்திருந்தார். மரங்களிலும் கூரைகளிலும் ஆள். மலாக்கி கை வலிக்க டிக்கெட் கிழித்தான். ஐந்தாவது சுற்றோடு வாசலைச் சாத்திவிட்டு, மைதானத்துக்குள் வந்து வேலியோரம் நின்றான். அந்த வருஷத்தில் அவன் கண்ணால் பார்த்த உள்ளூர் ஆட்டம் அநேகமாக அது ஒன்றுதான்.

எட்டாவது சுற்றில் வெக்ஸ்டன் ஒரே ஓர் ஓட்டம் முன்னால் இருந்தது. ப்ரூயிட்டின் கை தளர்ந்திருந்தது, ஆனாலும் வீசினான். மட்டைக்காரன் வீசிய வீச்சில் பந்து விளிம்பில் உரசியது. பளீர் என்று வரவேண்டிய சத்தம் வரவில்லை. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் வந்தது. ஓவன் முழங்காலில் உட்கார்ந்தான். கையைத் தூக்கியபோது மோதிர விரலிலிருந்து எலும்பு வெளியே வந்திருந்தது.

"ஓ" என்றது ஜனம்.

மலாக்கி கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு ஓடினான். எப்போது பொத்தானை அவிழ்த்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. பழுப்புக் காலுறையோடு அவன் மைதானத்துக்குள் ஓடுவதைப் பார்த்து யாரோ, "அடேய், டிக்கெட்டு வந்துட்டான்டா!" என்று கத்தினான். சிலர் கை தட்டினார்கள்.

ஹோபர்ட் அம்பயரைப் பார்த்தார். அம்பயர், ஒல்லியாக, தொப்பியைக் கழற்றாத ஆள், கிரான்ஃபோர்ட் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் பெயர் ஸ்டோடார்ட். நிதானமாக நடந்து வந்து, ஓவனின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான், சந்தையில் மாட்டின் குளம்பைப் பார்க்கிற மாதிரி.

"இது பழசு" என்றான்.

"பழசா?" என்றார் ஹோபர்ட். "எலும்பு வெளிய நிக்குது, கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

"தோல் இன்னிக்குக் கிழிஞ்சிருக்கு. எலும்பு என்னிக்கோ ஒடஞ்சது. சுத்தி எப்படி வீங்கிக் கறுத்திருக்கு பாருங்க. ஒடஞ்ச கையோட கூட்டியாந்து ஆட வச்சீங்கல்ல? அப்பக் கடைசிவரைக்கும் ஆட வைங்க. இல்ல, எட்டுப் பேரோட நில்லுங்க. ஆட்டம் எங்களுக்கு."

அம்பயர் யோசித்தார். சட்டம் ஸ்டோடார்ட் பக்கம்தான் இருந்தது, அவன் சொன்னது நிஜமாக இருந்தால். அவர் மலாக்கியின் பக்கம் திரும்பினார்.

"நீ இவரு வீட்லயே இருக்கிறவன்தான?"

"ஆமாங்க."

"இந்த விரல் இன்னிக்குக் காலையில எப்படி இருந்துச்சு? நல்லா இருந்துச்சா, ஒடஞ்சு இருந்துச்சா? நீ சொல்லு. உன் வார்த்தைய நான் எடுத்துக்கிறேன்."

கேள்வி பின்வரிசைவரை எட்டியிருந்தது.

நல்லா இருந்துச்சு என்றால் போதும். இரண்டே சொல். ஓவன் வெளியே போய் உட்காருவான், மருத்துவரிடம் போவான். மலாக்கி உள்ளே நிற்பான். ஏப்ரலிலிருந்து அவன் வேண்டியது அதுதான். மைதானம் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லி அத்தானின் இடத்தைப் பிடித்தான் என்று இந்த ஊர் நாளைக்குச் சொல்லும், நாளை மறுநாளும் சொல்லும். பார்க்கலையா என்று டீலியா கேட்டது மறுபடி கேட்டது. ஒடஞ்சு இருந்துச்சு என்றாலோ ஓவன் சாகிறவரை ஆடவேண்டும், அதைச் சொன்னவனும் இவனாக இருப்பான்.

ஓவன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். நேராக, கண் சிமிட்டாமல். அப்படி அவன் பார்த்ததில்லை. சொல்லாதே என்கிறான் என்று மலாக்கி எடுத்துக்கொண்டான். பருவம் முழுவதும் எதையும் சொல்லாதே என்றுதானே இருந்தான்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றான் மலாக்கி.

"தெரியாதாம்!" என்றான் ஸ்டோடார்ட். "ஒரே வீடு, ஒரே சட்டி, தெரியாதாம்!"

யாரோ சிரித்தார்கள். ஆளை மாற்ற முடியாது என்றார் அம்பயர். ஓவன் பார்வையை எடுத்துக்கொண்டான். எழுந்து நின்றான். கையை நீட்டி, "கட்டு" என்றான்.

மலாக்கி கைக்குட்டையை எடுத்து எலும்பை உள்ளே தள்ளிக் கட்டினான். இறுக்கிக் கட்டினான். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் நின்றான்.

அந்தச் சுற்றையும் கடைசிச் சுற்றையும் ஓவன் பிடித்தான். பந்து ஈரத்துணியில் அடிக்கிற மாதிரிச் சத்தம் போட்டது. ஒவ்வொரு பந்துக்கும் பிறகு ப்ரூயிட் அதைச் சட்டையில் துடைத்துவிட்டு வீசினான். சிவப்புத் தெரியாத பழுப்புச் சட்டை. கடைசி மட்டைக்காரன் வெறும் காற்றை அடித்தான், பந்து ஓவனிடம் இருந்தது, வெக்ஸ்டனுக்குக் கொடி.

வாத்தியக் கோஷ்டியோடு பீர் கம்பெனி வண்டியில் அணியை ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள். ஓவனை நடுவில் உட்கார வைத்தார்கள். மலாக்கியையும் ஏற்றினார்கள். யாரோ அவன் கையில் ஒரு கோப்பையைத் திணித்தார்கள். ஓவன் இடது கையை ஆட்டிக்கொண்டே வந்தான். வண்டி வீட்டைத் தாண்டியபோது டீலியா ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். கை ஆட்டவில்லை.

மருத்துவர் முதலில் இரண்டு விரலை எடுத்தார். அது போதவில்லை. குளிர் ஆரம்பிக்கும்போது மணிக்கட்டு வரைக்கும் எடுத்தார். ஓவன் உயிரோடு வீடு வந்து சேர்ந்தான். மருத்துவர் அதிர்ஷ்டம் என்று சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில் மலாக்கி ஃபாக்டரி மேசையில் தனியாக நின்றான். பக்கத்து இடத்துக்கு வேறு ஆள் வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயிலுக்குப் போகுமுன், ஓவனுக்கு அவன்தான் சவரம் செய்துவிட்டான். நுரை போடுவான், மழிப்பான், துடைப்பான்.

ஒரு ஞாயிறு ஓவன் கேட்டான்.

"அம்பயர் கேட்டப்ப நான் உன்னப் பார்த்தேன்ல."

கத்தி தாடைக்குக் கீழே இருந்தது. "பார்த்தீங்க" என்றான் மலாக்கி.

"என்னன்னு நினைச்ச?"

"சொல்லாதன்னு."

வெளியே மணி அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்குன்னு நான் யாருகிட்டயும் எதுவும் கேட்டதில்ல, மச்சான். அன்னிக்கு ஒரு தடவைதான் கேட்டேன்."

மலாக்கி கத்தியை எடுத்துத் தண்ணீரில் அலசினான். அலசிக்கொண்டே இருந்தான்.

"இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு பாரு" என்று ஓவன் கன்னத்தைக் காட்டினான். "மணி அடிச்சிருச்சு. சீக்கிரம்."

மார்ச்சில் ஹோபர்ட் மாடிப்படி ஏறி வந்தார். ஓவனின் தோளைத் தட்டினார், டீலியாவின் டீயைக் குடித்தார். பிறகு மலாக்கியைப் பார்த்து, பிடிக்கிற இடம் இனி உனக்குத்தான் என்றார். ப்ரூயிட்டின் தோள் குளிர்காலத்தில் போய்விட்டதாம், சீப்பை எடுத்துத் தலை சீவக்கூட முடியவில்லையாம். புதிதாக வேறு ஒருவன் வீச வருகிறானாம். வாசலுக்கு ஆள் வேண்டுமே, அதற்கு ஓவன் வரட்டும். "நம்ம ஆளை நாம விட்ருவமா?" என்றார்.

மலாக்கி டீலியாவைப் பார்த்தான்.

"போ" என்றாள் அவள். "நீ கேட்டதுதான."

ஜெயித்த கொடியை அடுத்த பருவத்தின் முதல் நாள்தான் ஏற்றுவார்கள். மைதானத்தின் கோடியில் புதிய கம்பம் நட்டிருந்தார்கள். அணி வரிசையாக நின்றது. ஹோபர்ட் நாலு வார்த்தை பேசிவிட்டு, யாரும் எதிர்பாராதபோது, "நமக்கு இதை வாங்கிக் குடுத்தவன் கையாலதான் ஏறணும்" என்று சொல்லி ஓவனைக் கூப்பிட்டார். ஜனம் எழுந்து ஆரவாரம் செய்தது. ஓவன் வாசலிலிருந்து கிழித்த டிக்கெட் துண்டுகள் கோட்டில் ஒட்டியிருக்க நடந்து வந்தான்.

ஹோபர்ட் நல்ல மனதோடுதான் கயிற்றைக் கொடுத்தார். ஒரு கையால் கொடி ஏற்ற முடியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. அங்கே யாருக்கும் தோன்றவில்லை, ஓவன் ஒரு முழம் இழுத்துவிட்டு அடுத்த முழத்துக்குக் கையை எடுக்க முடியாமல் நிற்கும்வரைக்கும்.

ஆரவாரம் அடங்கியது.

ஓவன் இழுத்த கயிற்றைக் குனிந்து பூட்ஸுக்கு அடியில் வைத்து மிதித்தான். நிமிர்ந்து இன்னொரு முழம் இழுத்தான். குனிந்தான், மிதித்தான். கொடி குதித்துக் குதித்து மேலே போனது. மடிப்புப் பிரியாமல், முனை மட்டும் தொங்கிக்கொண்டு போனது. வாத்தியக்காரர்கள் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் ஹோபர்ட்டைப் பார்த்தார்கள்.

மலாக்கி வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தான்.

"நில்லு மச்சான்" என்றான் ஓவன், திரும்பாமல்.

மலாக்கி நின்றான். கம்பம் உயரமானது. எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் கொடி உச்சிக்குப் போனது. ஓவன் கயிற்றைப் பல்லில் கடித்து முடிச்சுப் போட்டான். முன்வரிசையில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் யாரையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தான். தாமதமாக வந்தவர்கள் அங்கே வரிசையில் நின்றிருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. மலாக்கி மட்டைக்காரனுக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றான். கையில் அந்தக் கையுறை இருந்தது. குதிரை முடியை மறுபடி அடைத்துத் தைத்திருந்தான். யாரும் கேலி செய்யவில்லை. அங்கிருந்து மைதானம் முழுவதும் தெரிந்தது, மூலைகள், வேலி, கம்பம், கொடி, எல்லாம். வாசல் மட்டும் முதுகுப் பக்கம் இருந்தது.

புதியவன் வீசினான். பந்து வந்து கையுறைக் குழிக்குள் உட்கார்ந்தது. கொஞ்சமும் வலிக்கவில்லை. மொத்தென்று சின்னச் சத்தம். பாலத்துக்கு அது எட்டாது. வேலிக்கு அந்தப் பக்கம், வாசலில் நின்று காதால் பார்ப்பவனுக்கும் அது கேட்டிருக்காது.

மலாக்கி பந்தைத் திருப்பி எறிந்தான். அடுத்த பந்துக்குக் கையை நீட்டினான்.